புலம்பெயர்ந்த தாய்மாருக்கு முதலுதவிக் கல்வி

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் கல்லூரி வாயிலை மிதித்த நம் பிள்ளைகளைப் பற்றியும் பேசுவதே வழக்கம். எனக்கு முன் பேசிய பெரியோர்கள் அவற்றை நன்றாகவே எடுத்துரைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்போ வேறு. வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி நம் கொங்கு மண்ணுக்கு வந்துள்ள தாய்மாருக்குக் குழந்தை முதலுதவியைக் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். செயலாளர் அவர்கள் இதனைக் கூறியபோது, "இது மருத்துவர் பேச வேண்டிய பொருளன்றோ?" என்று கேட்டேன். "மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான் பேசச் சொல்கிறோம், அந்த இடத்தில் மருத்துவர் இருப்பதில்லை" என்று அவர் விடையிறுத்தார். அந்த விடைதான் என்னை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

முதலில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 1979-ஆம் ஆண்டு கோடைக்காலம். எனக்கு ஒன்பது வயது. என் தங்கைக்கு இரண்டு வயது நிறையவில்லை. என் தந்தையார் தோட்டம் ஒன்றில் பண்ணையாளாக இருந்தார். தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. "வயிறு போகும்போது தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் இன்னும் போகும்" என்பது எங்கள் தெருவில் எல்லாரும் நம்பிய விதி. தண்ணீரும் எளிதாகக் கிடைத்ததில்லை. ஊர்க் கிணற்றில் நாங்கள் இறைக்கக் கூடாது. யாரேனும் வந்து எங்கள் குடத்தில் ஊற்றும்வரை ஒதுங்கி நின்றாக வேண்டும். குழந்தை தண்ணீருக்கு அழுதது. என் தாய் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கொடுக்க மறுத்தாள். இரண்டாம் நாள் மாலையில் குழந்தை அழுவதை நிறுத்தியது. தேறிவிட்டாள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அன்றிரவு அவள் இறந்தாள்.

என் தாய் தன் குழந்தையைக் கவனியாமல் விட்டவள் அல்லள். தனக்குச் சொல்லப்பட்டதை ஒரு சொல் பிசகாமல் செய்தவள். அவளுக்குச் சொல்லப்பட்டது தவறு என்பதை நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற பின்னரே அறிந்தேன். அதைவிட வேதனையான ஒன்றையும் அறிந்தேன். சரியான விடை அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்திற்குள் வந்தனர். எல்லையை ஒட்டிய பங்காவ் என்னும் ஊரில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு துணிவான முடிவெடுத்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவாகக் கலந்து, நீரில் கரைத்து, நோயாளிகளின் வாய் வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்கள் யார்? பெரும்பாலும் தாய்மாரும் உறவினரும்தாம். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. எல்லை கடந்து வந்த ஏழைத் தாயின் கையில் ஒரு குவளையைக் கொடுத்து, அவளையே செவிலியாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவர்.

1971-இல் பங்காவில் தெரிந்த ஒன்று 1979-இல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. உப்பும் வெல்லமும் எங்கள் வீட்டில் இருந்தன. செய்தி மட்டும் வரவில்லை. கல்விச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்த எட்டாண்டு இடைவெளியை ஒழிப்பதற்காக இருக்கிறது என்பேன். அண்ணல் அம்பேத்கரே தம் ஐந்து குழந்தைகளுள் நால்வரைப் பறிகொடுத்தவர். அத்துயரம் அறியாத குடும்பம் நம் முன்னோர்களிடையே அரிது.

வந்தவர்கள் யார்?

அன்பர்களே, கோவை என்றுமே வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1888-இல் இங்கே முதல் நூற்பாலை எழுந்த நாள் முதல், வானம் பார்த்த காடுகளை விட்டு மக்கள் இந்நகரை நோக்கி நடந்தனர். வால்பாறை மலையில் தேயிலைத் தோட்டங்கள் வைக்கப்பட்டபோது, கங்காணிமார் சமவெளியிலிருந்து ஆள் பிடித்துச் சென்றனர். மலையேறியவர்களுள் நம்மவர் மிகப் பலர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியதற்குச் சான்றாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இங்கே நிற்கின்றன. நோய்க்கு அஞ்சிய மக்கள் தெய்வத்தின் பெயரிலேயே நோயின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இன்று வருபவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலத்தவர். பஞ்சாலை, பவுண்டரி, பனியன் கம்பெனி, தென்னை நார்த் தொழிற்கூடம், கோழிப்பண்ணை, கட்டட வேலை என்று அவர்கள் இல்லாத தொழில் இல்லை. நம் மாநிலத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். என் பள்ளியைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அடுப்பு, படுக்கை, தண்ணீர்க் குடம், குழந்தை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். கணவன் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டால், அந்தத் தாய்க்கு மாமியார் இல்லை, அம்மாயி இல்லை, பக்கத்து வீட்டுக்காரி பேசும் மொழி வேறு. நம் தெருவில் ஒரு குழந்தை வீறிட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அங்கே ஒருவரும் வருவதில்லை. வந்தாலும், என்ன நடந்தது என்று சொல்ல அவளுக்கு வாயில்லை.

மைப்புட்டி

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, பள்ளி விடும் நேரம். நான்காம் வகுப்பில் படிக்கும் மகனைத் தேடி ஒரு தாய் ஓடி வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கொதிக்கும் வடிகஞ்சி குழந்தையின் கையில் கவிழ்ந்துவிட்டது. பற்பசையை அள்ளிப் பூசியிருந்தாள். தான் பேசுவதைப் புரிந்துகொண்டு தமிழில் சொல்லக்கூடிய ஒரே உயிர் தன் மகன்தான் என்பதால் பள்ளிக்கு வந்தாள்.

பி.ஏ., பி.எட். படித்தவன் நான்; முப்பதாண்டுக் காலம் பாடம் சொன்னவன். நான் என்ன செய்தேன் என்பதை இச்சபையில் மறைக்க விரும்பவில்லை. அலுவலக அறையிலிருந்து மைப்புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். என் சிறு வயதில் என் ஆசிரியர் செய்ததைப் போலவே, புண்ணின் மேல் நீல மையை ஊற்றினேன். அதன் பிறகே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் கோபிக்கவில்லை, மெல்லக் கேட்டார்: "ஐயா, பள்ளியில் குழாய் இருக்கிறதல்லவா?" குளிர்ந்த குழாய் நீரின் கீழே அந்தக் கையை இருபது நிமிடம் பிடித்திருந்தால் வெப்பம் உள்ளே இறங்குவது தணிந்திருக்கும், இப்போதோ பசையையும் மையையும் கழுவிய பின்னரே புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியும் என்றார். குழாய்க்கும் எனக்கும் இடையே பத்தடி தூரம்தான் இருந்தது.

எழுத்தறியாத அந்தத் தாயும் பட்டம் பெற்ற நானும் அன்று ஒரே அறியாமையில் நின்றோம். அவளுக்கு நான் கற்பிக்க வேண்டுமென்றால், முதலில் நான் கற்றாக வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று. நம் சங்கத்தின் உதவித்தொகையில் செவிலியர் படிப்பு முடித்த பெண் ஒருவரும், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரும் எனக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் வகுப்பைத் தொடங்கினோம். முதல் நாள் வந்தவர்கள் நான்கு பேர்.

நாங்கள் கற்பிக்கும் ஐந்து பாடங்கள்

முதற்பாடம் வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால், அதில் குறித்துள்ள அளவு சுத்தமான நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலும், சிறுநீர் வராவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும் உடனே மருத்துவமனை. துத்தநாக மாத்திரை தந்தால், போக்கு நின்ற பிறகும் பதினான்கு நாள் கொடுத்து முடிக்க வேண்டும்.

இரண்டாம் பாடம் தீக்காயம். இருபது நிமிடம் ஓடும் நீர். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை, மாவு, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு. இப்பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் என் மைப்புட்டிக் கதையை நானே சொல்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள், சிரித்தவர்கள் மறப்பதில்லை.

மூன்றாம் பாடம் தொண்டை அடைப்பு. குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பின் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டிய பின், பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். அசைவற்றுப்போனால் 108-ஐ அழைத்துவிட்டு, அவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும்.

நான்காம் பாடம் காய்ச்சல் வலிப்பு. கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் நம்மிடமும் உண்டு. இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உள்ள பொருள்களை விலக்கி, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே 108. நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஐந்தாம் பாடம் கடியும் நஞ்சும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போ. தரையில் படுப்போரைக் கட்டுவிரியன் உறக்கத்திலேயே கடித்துவிடும். வலியும் தழும்பும் தெரியாமற் போகலாம். அதிகாலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று அழுது, கண்ணிமை தாழ்ந்தால் பாம்புக்கடியையும் நினைக்க வேண்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. இவ்விடத்தில் பெருமைக்குரிய செய்தி ஒன்று. மாமல்லபுரம் அருகே இருளர் பழங்குடி மக்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்திப் பாம்பின் நஞ்சை எடுத்துத் தருகின்றனர். விஷமுறிவு மருந்து அந்நஞ்சிலிருந்தே உருவாகிறது. ஒதுக்கப்பட்ட மக்களின் அறிவு எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கற்பிக்கும் முறை

வங்கதேசத்தில் 'பிராக்' என்னும் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு உப்பு வெல்லக் கரைசலைக் கற்பித்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று கையையே அளவுகோலாக்கினார்கள். கற்பித்த பெண்ணின் ஊதியம், எத்தனை வீட்டுக்குச் சென்றாள் என்பதைப் பொறுத்து அமையவில்லை. பின்னர் மேற்பார்வையாளர் சென்று கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பொறுத்து அமைந்தது. ஆசிரியர்களாகிய நமக்கு இம்முறை வந்தால் நம்முள் எத்தனை பேர் முழுச் சம்பளம் பெறுவோம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நாங்களும் அவ்வழியைப் பின்பற்றினோம். யாரும் எழுத வேண்டாம். துணிப் பொம்மையை மடியில் கிடத்தித் தட்டிக் காட்ட வேண்டும். கரைசலைக் கலந்து தானே சுவைக்க வேண்டும். கண்ணீரின் உப்புக்கு மேல் உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு மீண்டும் கலக்க வேண்டும். அடுத்த ஞாயிறன்று சென்ற பாடத்தை அவர்களே எங்களுக்குச் செய்து காட்டுவார்கள். தமிழ் கற்றுக்கொண்ட அவர்களின் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். ஆயினும் உயிர் போகும் நேரத்தில் ஒரு சிறுவனின் தோளில் அச்சுமையை ஏற்றுவது தகாது. ஆகவே ஒவ்வொரு தாயும் மூன்று தமிழ் வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறாள்: குழந்தைக்கு என்ன ஆயிற்று, வயது என்ன, வீடு எங்கே இருக்கிறது.

மூன்றாவது வாக்கியம்தான் கடினமாக இருந்தது. 108 சேவை தமிழகத்தில் 2008 முதல் இயங்குகிறது. ஆனால் தான் குடியிருக்கும் இடத்தின் பெயரே பலருக்குத் தெரியவில்லை. லைன் வீடுகளுக்கு எண் இல்லை. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் வீட்டுக்காரர்களின் இசைவு பெற்று, ஒவ்வொரு வரிசைச் சுவரிலும் ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் வண்ணத்தால் எழுதினார்கள். செலவு இரண்டு டப்பா பெயிண்டு.

ஒரு கேள்விக்கு விடை

நம் சங்கத்துக் கூட்டத்திலேயே ஓர் இளைஞர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கே செய்ய வேண்டியது மலையளவு கிடக்கிறது; நம் கூலியைக் குறைக்க வந்தவர்களுக்கு நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் நம் வீடுகளில் அடுப்பு எரியாத நாள்களும் உண்டு. ஆனால் கூலியைக் குறைப்பவன் கூலி கொடுப்பவனே. குறைந்த கூலியை ஏற்பவள் அல்லள். கூலிக்காகப் போராட வேண்டுமானால் அவர்களோடு சேர்ந்தே போராட வேண்டும். எங்கள் தாழ்வாரத்திற்கு வரும் பெண்களுள் பலர், தங்கள் ஊரிலும் கிணற்றுக்கு எட்டி நின்ற தெருக்களிலிருந்து வந்தவர்கள். என் தாயின் குடத்தில் யாரோ ஊற்றும்வரை அவள் காத்திருந்ததை நான் கண்டேன். நம் கையில் குடம் வந்த பின், நாமும் ஒருத்தியைக் காத்திருக்கச் செய்வது தகுமோ?

சாவித்திரிபாய் புலே அம்மையார் 1897-இல் புனேயைத் தாக்கிய பிளேக்கின்போது, ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த ஒரு சிறுவனைத் தாமே சுமந்துகொண்டு தம் மகனின் மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். அந்நோய் தம்மையும் தொற்ற, அவ்வாண்டு மார்ச்சு 10-ஆம் நாள் உயிர் நீத்தார். அவரும் ஒரு பள்ளி ஆசிரியையே. நீதிக்கட்சிக் காலத்தில் எல்.சி. குருசாமி அவர்கள் சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகளை நடத்தினார். நம் சங்கத்தின் மாலை வகுப்புகள் அம்மரபின் பிள்ளைகளே.

இதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. முதலுதவி மருத்துவமனைக்கு மாற்றாகாது. அங்கன்வாடியில் அக்குழந்தைகளுக்கும் இடம் உண்டு. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்க 2021-இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பிற மாநிலத்தவருக்கும் உரியது. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண்ணும் உண்டு. இவற்றை அவர்கள் காதில் போடுவதும் கல்விதான்.

மூன்று வேண்டுகோள்

வெள்ளி விழாக் காணும் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: நம் மாலை வகுப்பு நடக்கும் ஒவ்வோரிடத்திலும் ஒரு முதலுதவிப் பெட்டியும், மாதம் ஒரு ஞாயிறு தாய்மார் வகுப்பும் வேண்டும். இரண்டு: பத்தாம் வகுப்பு முடித்த நம் பெண் பிள்ளைகளுக்கும், பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் உள்ள மாணவருக்கும் செவிலியர் துணையோடு பயிற்சி தர வேண்டும். மூன்று: ஒவ்வொரு லைன் வீட்டுச் சுவரிலும் முகவரி எழுதப்பட வேண்டும்.

எங்கள் வகுப்பு பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை. வேலை தீர்ந்தால் குடும்பங்கள் இடம் பெயர்கின்றன. ஆறு மாதத்திற்கொரு முறை கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். சில சமயம் சோர்வாகவே இருக்கிறது. ஆனால் கற்றவள் கற்றதை விட்டுவிட்டுப் போவதில்லை. மூட்டையோடு அதையும் கட்டிக்கொண்டுதான் ரயிலேறுகிறாள்.

கையில் கஞ்சி கொட்டிய அச்சிறுமி இவ்வாண்டு என் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். காலை வழிபாட்டில் அவள் கைகூப்பி நிற்கும்போது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளும் தழும்பு நாள்தோறும் என் கண்ணில் படுகிறது. அவள் என்னைக் கண்டு சிரிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில் வைத்திருக்க வேண்டியவன் நான்.

அவள் தாய் இப்போது ஞாயிறுதோறும் எங்களுக்கு முன்பே தாழ்வாரத்திற்கு வந்துவிடுகிறாள். புதிதாக வந்த பெண்களுக்கு இரண்டாம் பாடத்தை நடத்துபவள் அவளே. குழாயைத் திறந்துவிட்டு, தன் மகளின் கையையே நீரில் பிடித்துக் காட்டி, இருபது வரை எண்ணாதீர்கள், இருபது நிமிடம் என்று தமிழில் சொல்கிறாள்.